'மிஸ்ஸிங்' என்ற சொல்லும் ஒரு பெயர்ப்பலகையும்

ஆங்கிலத்தில் நீண்ட சொற்களை மொழிபெயர்ப்பது இலகு. அகராதியைத் திறந்தால் அவற்றுக்கு ஒரு பொருளோ இரண்டு பொருளோ இருக்கும். தொல்லை தருபவை மூன்றெழுத்து, நான்கெழுத்துச் சொற்களே. 1989இல் வெளிவந்த ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற வினைச்சொல்லுக்குச் சுமார் 430 பொருள்கள் தரப்பட்டிருந்தன. பின்னர் 'ரன்' என்ற சொல் 600ஐத் தாண்டி அதனை முந்திவிட்டதாக அகராதிக்காரர்கள் அறிவித்தார்கள். எனினும் இவை அப்பாவிச் சொற்கள். பத்திரிகை மேசையில் அவற்றைப் பிழையாக மொழிபெயர்த்தால் மறுநாள் வாசகர்கள் சிரிப்பார்கள். அதற்கு மேல் கேடு எதுவும் விளைவதில்லை.

நான் இங்கு எடுத்துக்கொள்ள விரும்பும் சொல் அவ்வளவு பெரிய குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. 'மிஸ்' என்பதும், அதிலிருந்து பிறந்த 'மிஸ்ஸிங்' என்பதுமே அது. எமது நாட்டில் அது சிரிப்புக்குரிய சொல்லாக இல்லை. ஒரு பாராளுமன்றச் சட்டத்தின் பெயரில் அது குடியேறியிருக்கிறது. அங்கிருந்து தமிழுக்கு வந்து, தமிழிலும் தன் காரியத்தைச் செய்துகொண்டிருக்கிறது. அந்தக் காரியம் என்னவென்பதே எனது வழக்கு.

முதலில் ஒன்றை ஒதுக்கிவிடுவோம். எமது பிள்ளைகள் ஆசிரியையை 'மிஸ்' என்கிறார்கள். அரசாங்க வைத்தியசாலையில் தாதியையும் 'மிஸ்' என்றே அழைக்கிறோம். இந்த மிஸ், 'மிஸ்ட்ரஸ்' என்பதன் சுருக்கம். வினைச்சொல்லான மிஸ்ஸுக்கும் இதற்கும் உறவு எதுவும் கிடையாது. ஒலி மட்டுமே ஒன்று.

வினைச்சொல்லான மிஸ் பழைய ஆங்கிலத்திலிருந்து வருவது. அங்கு அதன் பொருள் குறி தவறுதல். அம்பை எய்தவனுக்கு அது இலக்கில் படவில்லை, அவன் தவறவிட்டான். இந்த ஒரு கருத்திலிருந்தே மற்றவை எல்லாம் கிளைத்தன. பஸ்ஸைத் தவறவிடுவது மிஸ். பிடியைத் தவறவிடுவது மிஸ். வகுப்புக்குச் செல்லாதிருப்பது மிஸ். கண்ணெதிரே இருந்ததைக் கவனிக்காமல் விடுவதும், ஒருவர் சொன்னதன் சாரத்தை விளங்கிக்கொள்ளாமல் விடுவதும் மிஸ். விபத்தொன்றிலிருந்து மயிரிழையில் தப்புவதும் அதே சொல்தான்; அங்கு தவறியது அதிர்ஷ்டம். வாகனத்தின் என்ஜின் விட்டுவிட்டு இயங்கினால் 'மிஸ்ஸிங்' என்று எங்கள் ஊர் மெக்கானிக் சொல்கிறார். இவை அனைத்துக்கும் பொதுவான அம்சம் ஒன்று உண்டு. எவரும் எதனையும் வேண்டுமென்று செய்யவில்லை. நடந்திருக்க வேண்டியது நடக்காமல் போய்விட்டது, அவ்வளவே. குற்றம் இருந்தாலும் அது கவனக்குறைவு என்ற சிறிய குற்றம்.

ஒரேயொரு விதிவிலக்கை எமது பகுதி மக்கள் உருவாக்கினார்கள். கையடக்கத் தொலைபேசி வந்த காலத்தில் காசை மிச்சம்பிடிக்க 'மிஸ்ட் கோல்' கொடுக்கும் வழக்கம் உண்டானது. ஆங்கிலேயனுக்கு மிஸ்ட் கோல் என்பது எடுக்கத் தவறிய அழைப்பு. எமக்கோ அது திட்டமிட்டுக் கொடுக்கப்படும் ஒன்று. வேண்டுமென்றே செய்வதற்குத் தவறுதல் என்ற பெயரைச் சூட்டிய அந்தக் கெட்டித்தனம், தொலைபேசியோடு நின்றிருந்தால் நல்லதாக இருந்திருக்கும்.

மிஸ்ஸின் பொருள்களில் மேன்மையானது ஒன்று எஞ்சியிருக்கிறது. ஒருவர் அருகில் இல்லாமையை உணர்ந்து வருந்துவதும் மிஸ்தான். புலம்பெயர்ந்த பிள்ளைகள் தொலைபேசியில் 'மிஸ் பண்ணுறன்' என்று சொல்வது இதைத்தான். இதற்குத் தமிழில் சொல் இல்லை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் யாழ்ப்பாணத்து வீட்டுப் பேச்சைக் கேட்டதில்லை. 'பிள்ளை தாயைத் தேடுது' என்பார்கள். 'எனக்கு உன்னைத் தேடினது' என்பார்கள். பிள்ளை எழுந்து சென்று கட்டிலுக்கடியில் தேடுகிறது என்பதல்ல பொருள். பிள்ளையின் மனம் தாயில்லாமையை உணர்கிறது என்பதே பொருள். ஏங்குவதற்கும் தேடி அலைவதற்கும் எமது மக்கள் ஒரே வினையை வைத்திருக்கிறார்கள். இதைப் பின்னர் கவனிப்போம்.

இப்போது 'மிஸ்ஸிங்' என்பதற்கு வருவோம். நான் அவரை மிஸ் பண்ணுகிறேன் என்று சொல்லும்போது வாக்கியத்தில் இருவர் இருக்கிறார்கள்: உணரும் நான், உணரப்படும் அவர். அவர் மிஸ்ஸிங் என்று சொன்னவுடன் நான் வாக்கியத்திலிருந்து விலகிவிடுகிறேன். அவர் மட்டும் எஞ்சுகிறார். அவருக்கு என்ன நடந்தது, யார் நடத்தினார்கள், யார் தேடுகிறார்கள் என்பவற்றில் எதுவும் அந்த வாக்கியத்தில் இல்லை. நூலகப் புத்தகத்தில் 42ஆம் பக்கம் மிஸ்ஸிங். சட்டையில் பொத்தான் மிஸ்ஸிங். அயல்வீட்டுப் பூனை மிஸ்ஸிங். மகனும் மிஸ்ஸிங்.

இச்சொல்லுக்கு மனிதாபிமானச் சட்டத்தில் மரியாதையான இடம் ஒன்று உண்டு என்பதை மறுக்கவில்லை. போர்க்களத்தில் படைவீரன் திரும்பாவிட்டால், உடலும் கிடைக்காவிட்டால், அவன் களத்தில் காணாமற் போனவன். ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977ஆம் ஆண்டின் முதலாவது மேலதிக நெறிமுறை, தமது உறவினருக்கு நேர்ந்ததை அறிந்துகொள்ளக் குடும்பங்களுக்கு உள்ள உரிமையை இந்தச் சொல்லைக் கொண்டே எழுதியிருக்கிறது. 1990 முதல் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் இலங்கையில் பதிவுசெய்த 16,000க்கும் மேற்பட்டோரில் 5,000க்கும் அதிகமானோர் படையினர். அம்பாந்தோட்டையிலும் குருநாகலிலும் இருக்கும் அவர்களது தாய்மாரும் காத்திருக்கிறார்கள். 2004 டிசெம்பரில் கடல் கொண்டுபோனவர்களைத் தேடியவர்களும் இச்சொல்லையே பயன்படுத்தினார்கள். கடலின்மேல் வழக்குத் தொடர முடியாது. அங்கு சொல் பொருந்துகிறது.

ஆனால் வீட்டுக்கு வந்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, வெள்ளை வானில் ஏற்றிக்கொண்டுபோன ஒருவர் எப்படிக் காணாமற் போனவராவார்? 1990 செப்ரெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் படையினரால் கொண்டுசெல்லப்பட்டார்கள். முகாமில் இருந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம்கள் குருக்கள்மடத்தில் விடுதலைப்புலிகளால் வழிமறிக்கப்பட்டுக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களது குடும்பங்கள் இன்றும் அந்த மண்ணைத் தோண்டிப் பார்க்கும்படி கேட்கின்றன. 2009 மே 18ஆம் திகதி முல்லைத்தீவு வட்டுவாகலில் மனைவிமாரும் தாய்மாரும் தமது ஆட்களைத் தமது கைகளாலேயே இராணுவத்தினரிடம் ஒப்படைத்தார்கள். அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் அவர்களோடு பஸ்ஸில் ஏறியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். ஒப்படைத்தல் என்ற வினைக்குக் கொடுப்பவர், கொடுக்கப்படுபவர், பெறுபவர் என மூவர் வேண்டும். மூவரில் பெற்றவரை அழித்துவிட்டு, கொடுத்தவரைத் தேட விட்டுவிட்டு, கொடுக்கப்பட்டவரை மட்டும் எழுவாயாக்கி, அவர் 'போனார்' என்று எழுதுவது மொழிபெயர்ப்பு அல்ல. அது சாட்சியத்தைத் திருத்துவது.

'போ' என்ற துணைவினையைச் சற்றுக் கவனியுங்கள். பால் கெட்டுப் போயிற்று. பானை உடைந்து போயிற்று. விளக்கு அணைந்து போயிற்று. எவர் விருப்பமும் இன்றித் தானாக நடந்தவற்றுக்கே தமிழ் இந்தத் துணைவினையைச் சேர்க்கிறது. பானையை உடைத்த சிறுவன்தான் 'உடைந்து போயிற்று' என்பான். கண்ட தாய் 'உடைத்துவிட்டான்' என்பாள். அந்தச் சிறுவனின் இலக்கணத்தை எமது அரசாங்கம் கற்றுக்கொண்டிருக்கிறது.

சிங்களத்திலும் இதே கதைதான். 'அத்துருதஹன் வூ' என்கிறது சட்டம், அதாவது மறைந்த. அந்தர்த்தானம் என்ற வடசொல்லின் வழியில் வந்தது இது. எமது புராணங்களில் வரம் கொடுத்த தெய்வங்கள் அந்தர்த்தானமாகும். தெய்வம் மறைந்ததென்று எவரும் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்வதில்லை. 1987க்கும் 1990க்கும் இடையில் தெற்கில் தமது பிள்ளைகளை இழந்த சிங்களத் தாய்மாருக்கும் இந்தத் தெய்வீகச் சொல்லே கிடைத்தது என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும். இது தமிழர்மீது மட்டும் செய்யப்பட்ட மொழி வஞ்சனை அல்ல.

இது மொழிபெயர்ப்பாளரின் சோம்பலால் நேர்ந்தது என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அப்படியானால் ஆணைக்குழுக்களின் ஆங்கிலப் பெயர்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1991 ஜனவரியில் ஜனாதிபதி பிரேமதாச நியமித்த ஆணைக்குழு, ஆட்கள் தம் விருப்பின்றி அகற்றப்பட்டமை பற்றியது. அகற்றுதல்! அந்த ஆட்சியின் காலத்தில் நடந்தவற்றை அறிந்தவர்களுக்கு அந்தப் பெயரின் நேர்மை வியப்பளிக்கும். 1994 நவம்பரில் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க மூன்று பிராந்திய ஆணைக்குழுக்களை நியமித்தார். விருப்பின்றி அகற்றப்பட்டமை 'அல்லது மறைந்தமை' என்று பெயர் நீண்டது. 2013 ஆகஸ்டில் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷ நியமித்த, மக்ஸ்வெல் பரணகம தலைமையிலான ஆணைக்குழுவின் பெயரில் அகற்றுதலும் இல்லை, மறைதலும் இல்லை; காணாமற் போன ஆட்கள் பற்றிய முறைப்பாடுகள் மட்டுமே இருந்தன. 2016இல் நல்லாட்சி என்று தன்னை அழைத்துக்கொண்ட அரசாங்கம் நிரந்தர அலுவலகம் ஒன்றை உருவாக்கியபோது அதே சொல்லே பலகையில் ஏறியது. கால் நூற்றாண்டுப் பயணத்தில் 'அகற்றப்பட்டோர்' மெல்ல மெல்லக் 'காணாமற் போனோர்' ஆனார்கள். நாடு முன்னேறுகையில் சொல் பின்வாங்கியது. இதில் சோம்பலைக் காண எனக்கு இயலவில்லை.

2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தை வாசித்தவர்கள் என்னைக் குறுக்கிடுவார்கள். அச்சட்டத்தின் பொருள்கோடலில் மூன்று வகையினர் அடங்குகிறார்கள்: வடக்கு கிழக்கு மோதலோடு தொடர்புபட்டுக் காணாமற் போனோரும் களத்தில் காணாமற் போன படையினரும் முதல் வகை, அரசியல் கொந்தளிப்புகளில் காணாமற் போனோர் இரண்டாம் வகை, சர்வதேச சமவாயத்தின் பொருளில் வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர் மூன்றாம் வகை. எனவே பரந்த சொல் எல்லோரையும் உள்ளடக்குகிறது, எவரையும் விலக்கவில்லை என்பது அவர்களது வாதம். கண்ணியமான வாதம்தான். அந்த வரைவுக்காக உழைத்தவர்களில் சிலர் இந்த நாட்டின் மிகச் சிறந்த மனித உரிமைப் போராளிகள் என்பதையும் அறிவேன்.

ஆனால் மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் இருவரின் பெயரை மூன்றாமவனுக்கும் வைப்பதை உள்ளடக்குதல் என்று எவரும் சொல்வதில்லை. உட்பிரிவில் இருப்பதை யார் வாசிக்கிறார்கள்? கிராம அலுவலரிடம் வரும் கடிதத்தில் சட்டத்தின் பெயர்தான் இருக்கிறது. படிவத்தின் தலைப்பில் அதுதான் இருக்கிறது. மேலும், அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, அலுவலகத்தின் கண்டறிதல்கள் எந்தக் குற்றவியல் பொறுப்பையோ குடியியல் பொறுப்பையோ தோற்றுவிக்கா என்று கூறுகிறது. பெயரும் பிரிவும் ஒன்றோடொன்று எவ்வளவு அழகாகப் பொருந்துகின்றன! செய்தவர் எவருமில்லை என்று பெயர் சொல்கிறது. இருந்தாலும் பொறுப்பில்லை என்று பிரிவு சொல்கிறது.

இதற்கு நேரெதிரான ஓர் ஆவணமும் எம்மிடம் உண்டு. வலிந்து காணாமல் ஆக்கப்படுதலிலிருந்து எல்லா ஆட்களையும் பாதுகாக்கும் சர்வதேச சமவாயம் 2006 டிசெம்பரில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இலங்கை அதில் 2015 டிசெம்பர் 10ஆம் திகதி கையொப்பமிட்டு, 2016 மே மாதத்தில் அதனை உறுதிப்படுத்தியது. 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அதனை உள்நாட்டுச் சட்டமாக்கி, இக்குற்றத்துக்கு 20 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதித்தது. சமவாயத்தின் வரைவிலக்கணத்தைப் பாருங்கள்: கைதுசெய்தல், தடுத்துவைத்தல், கடத்துதல், பின்னர் அதனை மறுத்தல், அல்லது அவருக்கு நேர்ந்ததை மறைத்தல். எல்லாம் செய்வினைகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுவாய் இருக்கிறது. அரசின் முகவர்கள் என்று பெயரும் இருக்கிறது. ஒரே அரசாங்கம் இரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு மொழிகளைப் பேசியது. வெளிநாட்டவர் வாசிக்கும் சட்டத்தில் செய்வினை. எமது தாய்மார் வரிசையில் நிற்கும் அலுவலகத்தில் 'போன'.

அந்தத் தாய்மார் இலக்கண நூல் எதனையும் படிக்காமலேயே இதைக் கண்டுபிடித்தார்கள் என்பதே எனக்கு மிகுந்த மதிப்பைத் தருகிறது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவில் முன்பாக அவர்கள் அமர்ந்தார்கள். சில நாட்களில் வவுனியாவிலும், பின்னர் முல்லைத்தீவு, மருதங்கேணி, திருகோணமலை என ஏனைய இடங்களிலும் கொட்டகைகள் எழுந்தன. அவர்களது சங்கத்தின் பெயரில் 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்ட' என்ற தொடர் இருக்கிறது. நீளமான தொடர்தான், செய்தித் தலைப்புக்கு வசதியற்றதுதான். போன என்ற இரண்டெழுத்தை நீக்கி, ஆக்கப்பட்ட என்ற ஏழு எழுத்தை அவர்கள் வைத்தார்கள். அந்த மாற்றத்தில் ஒரு குற்றப்பத்திரிகை முழுவதும் அடங்கியிருக்கிறது. எமது பத்திரிகைகள் சில அதனை ஏற்றுக்கொண்டன. பல, இடவசதிக்காகப் பழைய தொடருக்கே திரும்பின. ஓகஸ்ட் 30ஆம் திகதி ஒவ்வோர் ஆண்டும் வரும் சர்வதேச தினத்தைக்கூட 'காணாமற் போனோர் தினம்' என்று போடுபவர்கள் இருக்கிறார்கள்.

பத்திரிகைத் தரப்பின் பதில் எனக்குத் தெரியும். கடத்தியவர் யார் என்று உறுதிப்படுத்த முடியாதபோது 'காணாமல் ஆக்கப்பட்டார்' என்று எழுதுவது தீர்ப்பெழுதுவதாகும் என்பார்கள். போர்க்காலத்தில் இதற்கு நியாயம் இருந்தது. எழுதியவர்களுக்கும் அதே கதி நேரக்கூடிய காலம் அது. 2007 பெப்ரவரியில் வடமராட்சியில் செய்தியாளர் சுப்பிரமணியம் இராமச்சந்திரன் திரும்பிவரவில்லை. 2010 ஜனவரி 24ஆம் திகதி கொழும்பில் பிரகீத் எக்னெலிகொட திரும்பிவரவில்லை. அக்காலத்தில் 'இனந்தெரியாதோர்' என்ற சொல்லை எழுதியவர்களும் வாசித்தவர்களும் அதன் பின்னால் இருந்தவர்களை நன்கு இனங்கண்டிருந்தார்கள். அது இருதரப்பும் அறிந்த சங்கேதம். அச்சத்தினால் பிறந்த வழக்கை அச்சம் தணிந்த பின்னரும் நடைமுறைக் கையேட்டில் வைத்திருப்பதற்கு என்ன நியாயம்?

தீர்ப்பெழுதுவது குறித்த கவலைக்கு மிக எளிய மருந்து உண்டு. அறிந்ததை எழுதுங்கள். 'இன்ன திகதியில், இன்ன இடத்தில், சீருடையணிந்தவர்களால் கொண்டுசெல்லப்பட்டார். பின்னர் அவரைப் பற்றிய தகவல் இல்லை.' இதில் தீர்ப்பு எங்கே இருக்கிறது? 'காணாமற் போனார்' என்பதுதான் தீர்ப்பு. எவரும் எதுவும் செய்யவில்லை என்ற தீர்ப்பு. நடுநிலை என்ற பெயரில் அதனைத் தினந்தோறும் வழங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

'ஆக்கப்பட்டார்' என்பதும் முழுமையான சொல் அல்ல என்று தமிழறிந்தவர்கள் கூறலாம். உண்மை. செயப்பாட்டுவினையில் செய்தவரைச் சொல்லாமலும் விடலாம். ஆயினும் 'ஆக்கப்பட்டார்' என்று கேட்டவுடன் 'யாரால்?' என்ற கேள்வி தானாக எழும். 'போனார்' என்று கேட்டால் எழும் கேள்வி 'எங்கே?' என்பதுதான். எங்கே என்ற கேள்விக்கு 'வெளிநாட்டில் இருக்கக்கூடும்' என்று அமைச்சர்களால் பதில் சொல்ல முடிந்தது. யாரால் என்ற கேள்விக்கு அவர்கள் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

ஆங்கிலத்துக்கு இச்செய்வினையைக் கற்பித்ததில் தென் அமெரிக்காவுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆங்கிலத்தில் 'டிசப்பியர்' என்பது தன்வினை. ஒருவர் மறைவார், ஒருவரை மற்றவர் மறையச் செய்வதாக எழுதினால் பழைய இலக்கண ஆசிரியர் சிவப்புக் கோடிடுவார். ஜோசப் ஹெல்லர் 1961இல் எழுதிய நாவலில் இச்சொல் பிறவினையாக வரும்போது, கதாநாயகன் அதன் இலக்கணத்தைக் கேள்விக்குள்ளாக்குவான். அங்கு அது கசப்பான நகைச்சுவை. 1976இல் ஆர்ஜென்டீனாவில் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பின்னர் அது நகைச்சுவையாக இருக்கவில்லை. 1977 ஏப்ரல் 30ஆம் திகதி 14 தாய்மார் புவனஸ் அயர்ஸின் மே சதுக்கத்தில் கூடினார்கள். கூடி நிற்பது தடைசெய்யப்பட்டிருந்ததால் சதுக்கத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். 1979 டிசெம்பரில் செய்தியாளர் மாநாட்டில் இதுபற்றிக் கேட்கப்பட்டபோது, ஆட்சித்தலைவர் ஜெனரல் விடேலா மிகவும் நிதானமாக விளக்கமளித்தார்: மறைந்தவர் என்பவர் உயிரோடு இருப்பவருமல்லர், இறந்தவருமல்லர், அவர் ஒரு புதிர், அவருக்கு எந்தச் சிறப்பு நடவடிக்கையும் பொருந்தாது. மனிதனைக் கொல்வதற்கு முன்னரோ பின்னரோ வாக்கியத்திலிருந்து அகற்றிவிடலாம் என்பதை அவர் அறிந்திருந்தார். 1984இல் அந்நாட்டின் ஆணைக்குழு ஏறக்குறைய 9,000 பேரின் பெயர்களைப் பதிவுசெய்தது. விடேலா 2013இல் சிறையில் இறந்தார். அவருடைய மரணத்துக்குத் திகதியும் இடமும் உண்டு.

எமது தலைவர்களும் அந்தப் புதிரை விடுவிக்க முயன்றிருக்கிறார்கள். 2016 ஜனவரியில் தைப்பொங்கலுக்கு யாழ்ப்பாணம் வந்த பிரதமர் ரணில் விக்கிரமசிங்க, காணாமற் போனோரில் பெரும்பாலானோர் உயிருடன் இருக்க வாய்ப்பில்லை என்று கூறிச் சென்றார். 2020 ஜனவரியில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, இவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று ஐக்கிய நாடுகளின் வதிவிட ஒருங்கிணைப்பாளரிடம் தெரிவித்ததாக அவரது செயலகமே அறிக்கை வெளியிட்டது. அவர்களைப் புலிகள் கொண்டுசென்றார்கள் அல்லது பலவந்தமாகச் சேர்த்துக்கொண்டார்கள் என்பது அதற்கான விளக்கம். இங்கும் இலக்கணத்தைக் கவனிக்க வேண்டும். காணாமற் 'போனார்கள்', பின்னர் இறந்து 'போனார்கள்'. இரண்டு வினைகளும் அவர்களே செய்தவை. ஒருவர் இறந்துவிட்டார் என்று உறுதியாகக் கூறக்கூடியவர் எப்போது, எங்கே, எப்படி என்பதையும் அறிந்திருக்க வேண்டும். அல்லது அவர் ஊகிக்கிறார். 2009இல் பாதுகாப்புச் செயலாளராக இருந்த ஒருவர் ஊகிக்கும் நிலையில் இருந்தார் என்று நான் நம்பவில்லை.

பின்னர் பணம் வந்தது. 2019ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில், ஆளில்லாமையை உறுதிப்படுத்தும் சான்றிதழ் பெற்ற குடும்பங்களுக்கு மாதம் 6,000 ரூபா என்றார்கள். 2022 மார்ச்சில் ஒரு தடவைக் கொடுப்பனவாக ஒரு இலட்சம் ரூபா என்று அமைச்சரவை முடிவெடுத்தது. மரணச் சான்றிதழை ஏற்க மறுத்தவர்களுக்காக 2016இல் உருவாக்கப்பட்ட 'அப்சென்ஸ்' சான்றிதழ், பாடசாலை இடாப்பில் வரவில்லை என்று குறிப்பதைப் போன்றது. வங்கிக் கணக்கையும் காணி உறுதியையும் கையாள அது உதவும். அந்த அளவில் அதனைப் பெற்றுக்கொண்டவர்களை எவரும் குறைகூறக் கூடாது. வறுமைக்கு இலக்கணம் தெரியாது. ஆனால் காசை வேண்டாம் என்று கூறிய தாய்மாரைப் பிடிவாதக்காரர்கள் என்று ஆசிரியத் தலையங்கம் எழுதியவர்கள், அவர்கள் நிராகரித்தது காசை அல்ல, அக்காசுக்கான பற்றுச்சீட்டில் இருந்த வாசகத்தை என்பதைப் பார்க்கத் தவறிவிட்டார்கள். ஆங்கிலத்தில் சொன்னால், மிஸ் பண்ணிவிட்டார்கள்.

2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. அவற்றில் சிறு பிள்ளைகளுடையவையும் இருந்தன. ஒரு பாடசாலைப் பையும் விளையாட்டுப் பொருளும் கிடைத்தன. அவை யாருடையவை என்பதை நீதிமன்றமும் நிபுணர்களும் கூறட்டும்; முந்திக்கொண்டு கூற நான் விரும்பவில்லை. ஆனால் மண்ணுக்குள் கிடந்தவர் எவரும் தாமாகக் குழி தோண்டி இறங்கித் தம்மேல் மண்ணை மூடிக்கொண்டிருக்க முடியாது. அந்த எலும்புகள் தொடர்பான செய்திகளிலும் 'காணாமற் போனோரின் உறவினர்கள் பார்வையிட்டனர்' என்று ஒரு வரியைக் கண்டேன்.

சில நண்பர்கள், சொல்லில் என்ன இருக்கிறது, முதலில் ஆட்களைக் கண்டுபிடிக்கட்டும் என்கிறார்கள். கண்டுபிடித்தார்களா? 2018 பெப்ரவரியில் ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டது முதல் இன்றுவரை எத்தனை குடும்பங்களின் 'யாரால்' என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தது? தொலைந்த பொருளைத் தேடுகிறவர் மேசைக்கடியில் பார்ப்பார். களவு போன பொருளைத் தேடுகிறவர் கள்வனைத் தேடுவார். நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்பதைச் சொல்தான் முன்கூட்டியே தீர்மானிக்கிறது. அலுவலகம் எட்டு ஆண்டுகளாக மேசைக்கடியில் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கோட்டாபயவும் ரணிலும் போய்விட்டார்கள். 1980களின் இறுதியில் தனது ஆயிரக்கணக்கான தோழர்கள் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாத கட்சி ஒன்று 2024 முதல் ஆட்சியில் இருக்கிறது. 'அகற்றப்பட்டமை' என்ற 1991ஆம் ஆண்டுச் சொல் யாரைக் குறித்தது என்பதை அக்கட்சியினருக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. அவர்களுக்குப் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் இருக்கிறது. 14ஆம் இலக்கச் சட்டத்தின் சிங்களப் பிரதியில் 'வூ' என்ற ஓரெழுத்தையும், தமிழ்ப் பிரதியில் 'போன' என்ற இரண்டு எழுத்தையும் மாற்றுவதற்கான திருத்தச் சட்டமூலம் ஒரு பக்கத்துக்கு மேல் நீளாது. படையினரின் தாய்மாருக்காக 'களத்தில் காணாமற் போன' என்ற தொடரையும் அருகிலேயே வைக்கலாம். அவர்களுக்கும் தமது பெயர் தனியாக வேண்டும். 13ஆம் பிரிவைப் பற்றிய விவாதம் அதன் பிறகு வரட்டும்.

வவுனியாக் கொட்டகையில் இருந்த தாய்மாரில் பலர் இப்போது உயிருடன் இல்லை. இருப்பவர்களிடம் 'என்ன செய்கிறீர்கள்?' என்று கேட்டால் 'பிள்ளையைத் தேடுறம்' என்பார்கள். ஆங்கிலச் செய்தியாளர்கள் அதனை இரண்டு விதமாக மொழிபெயர்க்கலாம். இரண்டும் சரி.